செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல: கிராங்க் சென்சாரை எப்போது சந்தேகிப்பது?

"வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மெக்கானிக்குக்குப் போன் செய்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "செல்ஃப் அடிக்குதா?" என்பதுதான். பாதிப் பிரச்சினை அந்தக் கேள்வியிலேயே பிரிந்துவிடும். சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றாலோ, சத்தமே வராவிட்டாலோ பேட்டரி, அதன் டெர்மினல், ஸ்டார்ட்டர் மோட்டார், ரிலே என்று தேட வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்ச் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், ரிமோட் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி ஆகியவையும் சேரும். அது வேறு கதை. இங்கே பேசப்போவது மற்ற பாதியை: செல்ஃப் நன்றாகவே அடிக்கிறது, எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இப்படி நிற்கும் வண்டிகளில் சென்சார் கோளாறும் உண்டு. அதில் அடிக்கடி மாட்டுவது கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார், சுருக்கமாக கிராங்க் சென்சார். பெரும்பாலான கார்களில் விரல் நீளம்கூட இருக்காது, விலையும் பயமுறுத்தாது. பணம் கரைவது வேறு இடத்தில். சென்சார் என்று தெரியாமல் பெட்ரோல் பம்ப், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில், பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் கருவி சொன்னது என்று நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, எலி கடித்த வயரை அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மாற்றுவதற்கு முன்னால் அளந்து பார்ப்பது.

எஞ்சின் சுற்றுவது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சிபி பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து மூடும். அது திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி வரும். பாயிண்ட் கருகினால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வீடு வந்து சேரலாம். பெட்ரோலை கார்புரேட்டர் தானாக உறிஞ்சிக்கொள்ளும். யாருக்கும் யாரும் தகவல் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் எந்த நொடியில் எந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிப்பது, எப்போது பொறி கொடுப்பது என்பதையெல்லாம் இசியூ என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்கு பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அந்தச் செய்தியைக் கொடுப்பதுதான் கிராங்க் சென்சாரின் வேலை.

கிராங்க்‌ஷாஃப்ட்டின் புல்லி பக்கத்திலோ ஃப்ளைவீல் பக்கத்திலோ ஒரு பல் சக்கரம் இருக்கும். பல வண்டிகளில் அதன் சுற்றளவை 60 பற்களுக்குப் பிரித்திருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. ஆனால் அதில் 58 பற்கள்தான் இருக்கும், 2 பல் அளவுக்கு இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஜபமாலையில் மேரு மணி விரலில் தட்டுப்பட்டதும் ஒரு சுற்று முடிந்தது என்று தெரிகிறதல்லவா, அந்த இடைவெளி இசியூவுக்கு மேரு மணி. அங்கிருந்து பற்களை எண்ணிக்கொண்டே வந்தால் கிராங்க் எத்தனை டிகிரியில் நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்ற இரண்டும் கிடைத்துவிடும். சில எஞ்சின்களில் 36 பல் கணக்கில் ஒன்றை விட்டிருப்பார்கள். எண்ணிக்கை மாறினாலும் தத்துவம் இதுதான்.

சரி, சென்சார் செத்துவிட்டால்? செல்ஃப் எஞ்சினைச் சுற்றுகிறது, ஆனால் இசியூவுக்கு ஒரு பல்கூடத் தெரியவில்லை. அதன் கணக்கில் எஞ்சின் நின்றுகொண்டிருக்கிறது. நிற்கிற எஞ்சினுக்கு எதற்குப் பொறி, எதற்குப் பெட்ரோல்? விபத்தில் எஞ்சின் அணைந்த பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருந்தால் தீப்பிடிக்கும் என்பதால், சுற்றும் சிக்னல் இல்லாவிட்டால் பம்ப்பை நிறுத்திவிடும்படிதான் இசியூவை எழுதியிருக்கிறார்கள். ஆகவே பொறியும் இல்லை, இன்ஜெக்டரும் திறக்கவில்லை, பம்ப்பும் ஓடவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போவதுதான் கிராங்க் சென்சாரின் முத்திரை. பொறி இருந்து பெட்ரோல் மட்டும் வரவில்லையென்றால் பம்ப் பக்கம் போங்கள். பெட்ரோல் வந்து பொறி மட்டும் இல்லையென்றால் காயில் பக்கம். தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்று நாலு பேரைக் கூப்பிட்டுப் பயனில்லை. செல்ஃப் சுற்றினாலும் சக்கரம் சுற்றினாலும் இசியூவுக்குத் தெரியாதது தெரியாததுதான்.

சூட்டில் படுத்து, ஆறினால் எழும் வண்டி

இந்தச் சென்சார் ஒரேயடியாகச் சாவதைவிட, விட்டுவிட்டுச் சாவதுதான் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவந்த வண்டியை டீக்கடையில் நிறுத்துகிறோம். பத்து நிமிடம் கழித்து வந்தால் செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து ஏதோ இரண்டு வயரை ஆட்டுகிறார், வண்டி கிளம்பிவிடுகிறது. "லூஸ் கான்டாக்ட் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

காரணம் இதுதான். பழைய வகைச் சென்சாருக்குள் ஒரு காந்தமும் அதைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் விரிந்து சுருங்கி, சுருளில் ஓரிடத்தில் விரிசல் விழும். குளிர்ந்திருக்கும்போது இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடானால் விலகிவிடும். ஓடும்போது ரேடியேட்டர் காற்றும் கூலன்ட்டும் சூட்டை இழுத்துக்கொண்டு போகின்றன. வண்டியை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுவதால், அணைத்த பிறகுதான் எஞ்சின் அறையின் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால் டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடம் சென்சாருக்குக் கெட்ட நேரம். அரை மணி நேரம் ஆறவிட்டால் வயரை யார் ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் வண்டி கிளம்பும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வண்டி படுத்திருக்கும்போதே சென்சார் எட்டும் இடத்தில் இருந்தால், அதன் மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றியோ கொஞ்சம் தண்ணீரைச் சொட்டவிட்டோ குளிரவையுங்கள். சென்சாரில் வயர் மாட்டும் கப்ளருக்குள் தண்ணீர் போகக் கூடாது, சூடான சைலென்சர் மேனிஃபோல்டிலும் தண்ணீர் படக் கூடாது. இரண்டு நிமிடத்தில் வண்டி கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது என்று அர்த்தம். ஆறும் வரை காத்திருந்துவிட்டுப் பட்டறைக்கு ஓட்டிப்போனால் அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு இருக்கும்போது பார்த்தால்தான் கோளாறு தெரியும்.

கையில் ஒன்றும் இல்லாமலேயே பார்க்கக்கூடியவை

இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் மீட்டரைப் பாருங்கள். மஞ்சள் நிற செக் எஞ்சின் லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் இசியூவுக்கே கரண்ட் போகவில்லை என்று சந்தேகப்படலாம். ஃப்யூஸ், மெயின் ரிலே, எர்த் வயர் இவற்றைப் பார்க்காமல் சென்சாரைத் தொடுவது வீண். அடுத்து, சாவி படம் போட்ட லைட் வேகமாகச் சிமிட்டுகிறதா? அது இம்மொபிலைசர். சாவியை வண்டி அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியால் முயலுங்கள்.

அதே நேரம் காதைத் தீட்டிக்கொண்டால், பின் சீட்டுக்கு அடியிலிருந்து 2 அல்லது 3 விநாடி 'உய்ங்' என்று பெட்ரோல் பம்ப் ஓடி நிற்பது கேட்கும். பம்ப்புக்கும் அதன் ரிலேவுக்கும் உயிர் இருக்கிறது என்பதற்கு இது அடையாளம். ஆனால் கிராங்க் சென்சார் நல்லது என்பதற்கு இது அத்தாட்சி ஆகாது. இந்த முதல் ஓட்டத்துக்குச் சென்சாரின் சிக்னல் தேவையில்லை, செல்ஃப் அடிக்கும்போது தொடர்ந்து ஓடத்தான் சிக்னல் வேண்டும்.

இனி செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். செல்ஃப் எஞ்சினைச் சுற்றும் வேகம் சுமார் 150 முதல் 300 ஆர்பிஎம். நல்ல வண்டியில் முள் லேசாக எழுந்து ஆடும். செத்ததுபோல் பூஜ்ஜியத்திலேயே கிடந்தால் இசியூவுக்கு எஞ்சின் சுற்றுவது தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இதை முழுதாக நம்ப முடியாது. சில வண்டிகளில் இவ்வளவு குறைந்த வேகத்தை முள் காட்டவே காட்டாது, விலை குறைந்த மாடல்களில் முள்ளே கிடையாது.

இதையெல்லாம் பார்க்கும்போது கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே. ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவில் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். பானெட்டுக்குள் யாராவது குனிந்திருந்தால் துண்டு, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

ஓட்டுநரின் முழங்கால் பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரைச் செருக 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி-2 கட்டாயம், இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து. அதில் செருகும் புளூடூத் அடாப்டரை ஆன்லைனில் வாங்கி போனிலேயே கோளாறு எண்ணைப் படித்துவிடலாம்.

பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. பி0336 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் எதிர்பார்த்தபடி இல்லை. பி0339 என்றால் விட்டுவிட்டு வருகிறது. சர்க்யூட் என்பதைக் கவனியுங்கள். சென்சார், கப்ளர், அங்கிருந்து இசியூ வரை போகும் வயர், இசியூவின் உள்பகுதி என்று எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். 'சென்சாரை மாற்று' என்று ஸ்கேனர் எங்கும் சொல்வதில்லை. அப்படிப் படிப்பது நாம்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று: கோளாறு எண் எதுவும் இல்லாவிட்டாலும் கிராங்க் சென்சார் செத்திருக்கலாம். முதலில் இது வினோதமாகத் தோன்றும். யோசித்தால் நியாயம் புரியும். சிக்னலே வராதபோது, சாவியை ஆன் செய்துவிட்டு ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதற்கும் செல்ஃப் அடிப்பதற்கும் பல இசியூக்களுக்கு வித்தியாசம் தெரியாது. கேம்ஷாஃப்ட் சென்சாரிலிருந்து சிக்னல் வந்து கிராங்கிலிருந்து வரவில்லை என்றால்தான் சில வண்டிகள் பி0335-ஐப் பதிவு செய்யும். எனவே "ஸ்கேன் பண்ணிட்டோம், சென்சார்ல ஒண்ணும் இல்ல" என்று யாராவது சொன்னால், செல்ஃப் அடிக்கும்போது லைவ் டேட்டாவில், அதாவது அந்த நேரத்தில் இசியூ பார்க்கும் அளவுகளை ஸ்கேனர் காட்டும் பக்கத்தில், ஆர்பிஎம் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். 200 என்றோ 250 என்றோ வந்தால் சென்சார் வேலை செய்கிறது, தேடலை வேறு பக்கம் திருப்பலாம். பூஜ்ஜியம் என்றால் சர்க்யூட்டைச் சோதித்தாக வேண்டும். என் கணக்கில் எல்லாச் சோதனைகளிலும் இந்த ஓர் எண்தான் அதிகம் பேசும்.

ஒரு விதிவிலக்கு. பேட்டரி பலவீனமாக இருந்து செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் நல்ல சென்சாரும் கெட்டதுபோல் தெரியும். காந்தச் சுருள் வகையில் சிக்னலின் அளவு சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகச் சுற்றினால் மின்னழுத்தமும் குறைவு, இசியூவுக்கு அது கேட்காமல் போகலாம். நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவும், செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மல்டிமீட்டரோடு

சென்சாரின் கப்ளரைக் கழற்றி எத்தனை பின் என்று எண்ணுங்கள். 2 பின் என்றால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. 3 பின் என்றால் பொதுவாக ஹால் எஃபெக்ட் வகை, அதாவது காந்தப்புலம் மாறுவதை எலக்ட்ரானிக் சிப் உணரும் வகை. சில காந்தச் சுருள் சென்சார்களிலும் மூன்றாவது பின் உண்டு, அது வயரைச் சுற்றிய ஷீல்டுக்கு. சந்தேகம் இருந்தால் அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

சுருள் வகையில் இரண்டு பின்களுக்கு இடையே ஓம் அளக்கலாம். பல வண்டிகளில் 200 முதல் 1500 ஓமுக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் கிடைக்கும். மீட்டர் அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ஷார்ட். குளிர்ந்த சென்சாரில் ஓம் சரியாக இருப்பதை வைத்து அதை விடுவித்துவிட வேண்டாம், சூட்டில் விலகும் விரிசல் அப்போது தெரியாது. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, செல்ஃப் அடிக்கச் சொல்லி அளந்தால் அரை வோல்ட் போல ஏதாவது வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் சென்சாரைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

ஹால் வகையில் ஓம் அளக்கக் கூடாது. உள்ளே சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை, சில சமயம் சேதமும் ஆகும். அதற்குப் பதிலாக இக்னிஷனை ஆன் செய்து, வயர் பக்கக் கப்ளரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வண்டியைப் பொறுத்து 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் வரும். இன்னொரு பின்னில் நல்ல எர்த் இருக்க வேண்டும். இரண்டும் வந்து, கப்ளரை மாட்டி செல்ஃப் அடிக்கும்போது மூன்றாவது வயரில் வோல்ட் துள்ளாமல் ஒரே இடத்தில் நின்றால் குற்றவாளி சென்சார். மின்சாரமே வரவில்லையென்றால் புதுச் சென்சார் போட்டாலும் வண்டி கிளம்பாது.

மின்சாரம் வராததற்கு ஒரு தந்திரமான காரணம் உண்டு. சில வண்டிகளில் ஒரே 5 வோல்ட் லைனை நாலைந்து சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும். எங்கோ ஓரத்தில் இருக்கும் ஒரு பிரஷர் சென்சார் ஷார்ட் ஆனால் அந்த லைனே படுத்துவிடும், ஸ்கேனரில் அஞ்சாறு சென்சார் பெயர்கள் ஒன்றாக வரும். அஞ்சையும் மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டை நம்ப வேண்டாம். 5 வோல்ட் லைனில் மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் ஆள்.

பிறகு வயர். நம் ஊரில் எலியைச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. சில நாள் நகராத வண்டியின் எஞ்சின் அறை அவற்றுக்குச் சொந்த வீடு. வெளியே டேப் சுற்றிய வயர்க்கட்டு நன்றாகத் தெரிந்தாலும், அடிப்பக்கம் இரண்டு வயர் கடிபட்டிருக்கும். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியில் கப்ளர் பின்கள் பச்சை பூத்திருக்கும். வயரின் இரு முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அளக்கும்போது வயர்க்கட்டை வளைத்து ஆட்டிப் பாருங்கள்.

சென்சாரைக் கழற்றினால் நுனியைக் கவனிக்க வேண்டும். காந்தம் என்பதால் இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டியிருக்கும், துடைத்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும். நுனிக்கும் பல்லுக்கும் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கிளட்ச் வேலை முடிந்து வந்த மறுநாளே இந்தத் தொல்லை ஆரம்பித்தால், சென்சார் சரியாக உட்காராதது, பல் அடிபட்டது, கப்ளர் சரியாக மாட்டாதது என்று அந்தப் பக்கமே பாருங்கள். ஃப்ளைவீல் பக்கத்தில் சென்சார் இருக்கும் வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்கும்போது அது அடிபடுவது சகஜம்.

வேறு சென்சார்கள்

கேம்ஷாஃப்ட் சென்சார் இதன் தம்பி. ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு முறை சுற்றும், கேம் ஒரு முறைதான். பிஸ்டன் மேலே வருவது அமுக்குவதற்கா, புகையைத் தள்ளுவதற்கா என்பதைப் பிரித்துச் சொல்வது கேம் சென்சார். அது போனால் பி0340 வரும். பல வண்டிகள் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தபின் எப்படியோ கிளம்பிவிடும், சில கிளம்பாது.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பொய் சொன்னால் தொல்லை வேறு மாதிரி. அதன் வயர் அறுந்தால் பல வண்டிகளில் லைவ் டேட்டா மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். மதுரை மே மாத வெயிலில் மைனஸ் 40 என்று நம்பி இசியூ பெட்ரோலை அள்ளி ஊற்ற, பிளக் நனைந்துவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் தெளிப்பது நின்று எஞ்சின் காயும்.

காமன் ரெயில் டீசல் வண்டியில், அதாவது அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கும் ஒரே குழாயிலிருந்து (ரெயில்) எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வண்டியில், ரெயில் பிரஷர் சென்சாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரெயிலில் போதிய அழுத்தம், பல வண்டிகளில் 200 பார் பக்கம், ஏறியது என்று தெரிந்தால்தான் இசியூ இன்ஜெக்டரைத் திறக்கும். லைவ் டேட்டாவில் செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஏறாவிட்டால் பெரும்பாலும் டீசல் ஃபில்டரில் அடைப்பு, காற்று புகுந்தது, பம்ப் தேய்ந்தது போன்ற காரணங்கள். சென்சாருக்கு முன் அவற்றைப் பார்க்க வேண்டும். டீசல் ரெயில் லைனை அவிழ்த்துப் பார்க்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

ஆக்சிஜன் சென்சாரால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். எஞ்சின் ஓடி, அந்தச் சென்சார் சூடான பிறகுதான் இசியூ அதன் பேச்சைக் கேட்கவே ஆரம்பிக்கும். எஞ்சின் தட்டும் சத்தத்தை உணரும் நாக் சென்சாரும் அப்படித்தான், ஸ்டார்ட் ஆவதில் அதற்குப் பங்கில்லை.

கடைசியாக, புதிதாக வாங்கும்போது. ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் சென்சார் மாறும், அதனால் பழையதைக் கையில் எடுத்துப்போய் அதில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். சந்தையில் டூப்ளிகேட் நிறைய. பார்க்க அச்சு அசலாக இருந்தாலும் சூட்டில் முதலில் படுப்பது அதுதான். மாட்டும்போது ஓ-ரிங்கில் கொஞ்சம் எண்ணெய் தடவி நேராக அழுத்தினால் போதும், சுத்தியலால் தட்டக் கூடாது. பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு, வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சில மாடல்களில் புதுச் சென்சாரை ஸ்கேனர் வழியாக இசியூவுக்குப் பழக்கிவிட வேண்டியிருக்கும். அதைச் செய்யாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் செக் எஞ்சின் லைட் அணையாமல் நிற்கலாம்.